தவிட்டுக்கு வாங்கிய அண்ணன்

சுனாமி வந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா இல்லை. அம்மா காலையில் ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரத்தில் கூடை வைத்து விற்பாள். அண்ணன் சொந்தமாக ஒரு மினி வேன் ஓட்டினான். நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுத உட்கார்ந்தால் வயிறு எரிகிறது. அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன், இதில் அழுகை குறைவாகவும் திட்டு அதிகமாகவும் இருக்கும்.

அண்ணனுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் உண்டு. சந்தில் அதைச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவன் 'தவுடு'தான். பிறக்கிற குழந்தைகள் தங்காமல் போய்க்கொண்டே இருந்தால், அடுத்து வருகிற பிள்ளையை முறத்தில் கிடத்தி வேறொருத்தி கையில் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிறகு அவளுக்கு ஒரு கைப்பிடி தவிடு கொடுத்து அதே பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். இது யாரோ பெற்றது, விலைக்கு வந்தது என்று எமன் ஏமாந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவானாம். அம்மாவுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. அப்புறம் வந்த அண்ணனைத் தவிட்டுக்கு வாங்கினாள். எனக்கு அந்த மரியாதை எல்லாம் நடக்கவில்லை. "உன்ன தவுட்டுக்குக்கூட எவனும் வாங்கல பாரு" என்று அண்ணன் என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

அன்று அவனை முறத்தில் ஏந்தி நின்று, தவிட்டை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்தவள் அடுத்த சந்து அத்தை. சொந்த அத்தை இல்லை. அம்மா கூடையும் அவள் கூடையும் மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அந்த உறவுதான். அண்ணன் எந்த நல்ல மீன் கொண்டுவந்தாலும் அவள் வீட்டுக்கு ஒரு பங்கு போகும். அவளும் தன் பிள்ளைகளுக்கு வைக்காமல் இவனுக்கு எடுத்து வைப்பாள். தவிடு வாங்கிய பாசம் என்று எல்லாரும் கேலி செய்வோம்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணனின் வண்டியை ஒரு ஆள் வாடகைக்குக் கூப்பிட்டான். தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கிலிருந்து லோடு என்று சொல்லிப் போனான் அண்ணன். மறுநாள் காலையில் அந்தக் கிடங்கின் வாட்ச்மேன் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். உள்ளே இருந்த செப்புக் கம்பிச் சுருள்களைக் காணவில்லை. அண்ணனின் வண்டி எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் காலியாக நின்றது. அண்ணனையும் காணவில்லை. வண்டியை வாடகைக்குக் கூப்பிட்டவன் தானாகவே போலீசுக்குப் போய், டிரைவர்தான் அடித்தான், நான் பயந்து ஓடிவந்துவிட்டேன் என்று சொன்னான். அவ்வளவுதான், அவன் சாட்சி ஆகிவிட்டான். என் அண்ணன் கொலைகாரன் ஆகிவிட்டான். எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை, சொல்லி ஆகப்போவதும் இல்லை.

சில வாரம் கழித்துத் திருவொற்றியூர் கரையில், அலைக்குக் கொட்டி வைத்திருக்கிற பாறைகளுக்கு நடுவில் ஒரு உடல் ஒதுங்கியது. மீன் தின்றது போக மிச்சம்தான். முகம் என்று ஒன்று இல்லை. சவக்கிடங்குக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். நான் வாசலைத் தாண்டவில்லை. அம்மா உள்ளே போய், துணியை விலக்கி, நேராகக் காலைத்தான் பார்த்தாள். இடது காலில் இரண்டாவது விரலின் நுனி இல்லை. ஐஸ் உடைக்கிற மெஷினில் மாட்டி அண்ணன் சின்ன வயசில் இழந்த விரல் அது. அம்மா அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் விரல் போகாதவன் எவன் இருக்கிறான் என்று கேட்டார். அது என்னவோ உண்மைதான். எவன் பிணத்தையோ காட்டி, பையன் செத்துவிட்டான் என்று கேசை மூடப் பார்க்கிறீர்களா என்றார். அப்புறம்தான் அம்மாவின் ரத்தம் வேண்டும் என்று சொன்னார்கள். ரத்தத்தையும் எலும்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தாயா பிள்ளையா என்று தெரிந்துவிடுமாம். பொருந்தினால் உடலைக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். பொருந்தாவிட்டால் என்ன செய்வோம் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. என் ரத்தத்தையும் எடுங்கள் என்றேன். தாய் இருக்கும்போது நீ எதற்கு என்று ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

ஊசி என்றால் பயந்து ஓடுகிற அம்மா அன்று அசையாமல் கையை நீட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில், "பால் குடிச்ச புள்ள, ரத்தம் காட்டிக் குடுக்காதா" என்றாள். தாய் பேசுகிற பேச்சு என்று நான் விட்டுவிட்டேன்.

பல மாதம் கழித்து முடிவு வந்தது. இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ரத்தம் பொய் சொல்லாதும்மா. அந்தப் பொணம் உன் புள்ள இல்ல. இப்போ சொல்லு, அவனை எங்க வெச்சிருக்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் கேட்ட கேள்வி அவள் காதிலேயே ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சுறாப்புட்டு செய்தாள், அண்ணனுக்குப் பிடிக்கும் என்று. அன்றிலிருந்து தினமும் அவனுக்கு ஒரு தட்டு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நீதானே விரலைப் பார்த்து அழுதாய், இப்போது என்ன ஆச்சு என்று கத்தினேன். "மிசினே சொல்லிச்சே, அவன் இல்லைன்னு. நான் கெயவி, என் கண்ணுக்கு இன்னா தெரியும்" என்று சோற்றைப் போட்டாள்.

அடுத்து வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். பிணத்தை வைத்து நாடகமாடிய குடும்பம் என்று ஒரு பேப்பரில் போட்டார்கள். ஆபீசில் என்னை வரவேண்டாம் என்றார்கள். எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். வாரா வாரம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்வார்கள். போய் பெஞ்சில் உட்கார வேண்டும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் போ என்பார்கள். பாறைகளுக்கு நடுவில் ஒதுங்கிய உடலைப் பொதுச் சுடுகாட்டில் அனாதைப் பிணமாகப் புதைத்தாயிற்று. அண்ணன் என்று இன்னொருவனை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வாட்ச்மேனின் மனைவி எங்கள் சந்துக்கே வந்துவிட்டாள். ஒல்லியான பெண், கூடவே பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு மகள். வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "என் தாலிய அறுத்தவனுக்கு சோறாக்கிப் போட்டு ஒளிச்சி வெச்சிகீறீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா" என்றாள். உள்ளே அண்ணனுக்கு என்று அம்மா எடுத்து வைத்த தட்டு கண் முன்னால் இருந்தது. அவளிடம் அப்படிச் சொல்லி அனுப்பியது போலீஸ்தான். சண்டைக்குத்தான் வெளியே வந்தேன். அந்த மகளின் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தாள். மார்க்கெட்டிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். ஊர் சனம் ஒதுக்கியது கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அண்ணன் கையால் எத்தனை வஞ்சிரம் தின்றிருப்பாள் என்று நினைத்து, நான் அவளை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தேன். தாகமாக இருந்தது. எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டதற்கு, யாரைக் கேட்டு எடுத்தாய் என்று ஒரு பெண் போலீஸ் செவுளில் ஒன்று வைத்தாள். காது அடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே நுழைந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவையெல்லாம் மீன் தண்ணீர். என் கன்னத்தைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பொணத்துக்கு என் ரத்தத்த எட்த்துப் பாருங்க சார். அவன் நான் பெத்த புள்ள."

அவள் நின்றபடியே சொல்லி முடித்ததை நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அம்மாவுக்கு மூன்றாவதாகப் பிறந்ததும் தங்கவில்லை. அதே வாரத்தில் அத்தைக்கும் பிள்ளை பிறந்திருந்தது. அவள் புருஷன் அப்போது விசாகப்பட்டினம் பக்கம் போட் தொழிலுக்குப் போயிருந்தார். அவளுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். அம்மாவோ மாரில் பால் ஒழுக, செத்த குழந்தையைக் கீழே வைக்க மாட்டேன் என்று பைத்தியம் மாதிரி இருந்தாளாம். அத்தைக்குப் பொறுக்கவில்லை. செத்ததைத் தன்னுடையது என்று வாங்கிக்கொண்டாள். உயிரோடு இருந்ததை முறத்தில் கிடத்தி, சந்து மொத்தமும் பார்க்க அம்மா கையில் கொடுத்தாள். அம்மா தவிடு கொடுத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் வழக்கமான சடங்கு என்றுதான் நினைத்தார்கள். மருத்துவச்சிக்கு மட்டும் தெரியும், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எமனை ஏமாற்றுகிற சடங்கில் ஊரே ஏமாந்திருந்தது, நானும்தான்.

இன்ஸ்பெக்டர், அடுத்த நாடகமா என்றார். அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி அத்தையின் புருஷனை வரவழைத்தார். வயசானவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் வந்து நின்றார். பத்துப் பேர் பார்க்க, உன் பொண்டாட்டி இன்ன மாதிரி சொல்கிறாள், உனக்குத் தெரியுமா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் எவனோ சிரித்தான். அந்த மனுஷன் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். அத்தையை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். ரத்தம் அத்தையின் கையில் இருக்கிறது, அதை எடுக்க அவர் எதற்கு? கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டியதை நடுக்கூடத்தில் போட்டு உடைத்தார்கள். செத்துப் போய்விட்டதாகத் தான் துக்கம் காத்த பிள்ளை இத்தனை காலம் அடுத்த சந்தில் வளர்ந்ததை, அவன் நிஜமாகவே செத்த பிறகு போலீஸ்காரன் வாயால் கேட்டார் அவர். அதன் பிறகு தன் கடைசி நாள் வரை அத்தையிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போட்ட சோற்றையும் தொடவில்லை.

வெளியே வந்ததும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை மாதம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று நடுரோட்டில் கேட்டேன். "என் ஊட்டுக்காரருக்கு பயந்துகினு கெடந்தேன்மே. அதுவும் இல்லாம உங்கம்மா சிரிக்குதே, அத எப்படி நான் கெடுக்கறது" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா எம்புள்ள அனாதையா கெடக்குறானே" என்றாள்.

மறுபடியும் ரத்தம், மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருப்பு. இந்தத் தடவை பொருந்தியது. வாட்ச்மேன் செத்த அதே சமயத்திலேயே அண்ணனையும் மண்டையில் அடித்துக் கொன்று முகத்துவாரத்தில் தள்ளியிருக்கிறார்கள் என்று ஆனது. சாட்சி சொன்னவனைத் தேடினால் ஆளைக் காணோம். ஆந்திரா பக்கம் போய்விட்டான் என்றார்கள். செத்தவனைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கொன்றவன் சாவகாசமாக மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறான். இன்றுவரை பிடிபடவில்லை. எங்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு எங்கள் முகமே தெரியாது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. நேராக அத்தை வீட்டு வாசலுக்குப் போனாள். "எமனாண்ட நீயே போயி சொல்லிட்டியேடி, விலைக்கு வாங்குனது இல்ல, நான் பெத்ததுன்னு. இத்தினி நாளு அவனுக்குத் தெரியாம வெச்சிருந்தேனே" என்றாள். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அம்மா என்னிடம், "ரெண்டு வருசம் பால் குடுத்தா ரத்தம் ஒண்ணாவாதா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவள் யாரையும் ஏமாற்றவில்லை. பெறவில்லை என்று தெரிந்தே, பால் ரத்தமாகியிருக்கும் என்று நம்பித்தான் அன்று கையை நீட்டினாள். பொருந்தவில்லை என்றதும், அப்படியானால் செத்தது என் பிள்ளை இல்லை என்று நம்பினாள். இதை அவளிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கும். ஊசி குத்தத்தான் ஆள் இருந்தது, பேச ஆள் இல்லை.

கடைசியாக எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். அங்கேயும் ஒரு கூத்து. கைநாட்டு வைக்க அத்தையைக் கூப்பிட்டார்கள். கூடவே போன அம்மாவை, "நீ யாரும்மா, தள்ளி நில்லு" என்றார் கைநாட்டு வாங்கிய ஆள். தாய் என்றால் ரத்தம் பொருந்தின தாய்தான், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவருக்கு. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுடுகாட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

வெள்ளைத் துணியில் சின்ன மூட்டையாகக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய ஆள், ஒரு கைக்குழந்தை அளவுக்குத்தான் இருந்தான். குழி தயாராக இருந்தது. அத்தை குழிப் பக்கம் போகவில்லை. தான் கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு முறத்தை எடுத்தாள். மூட்டையை அதில் கிடத்தினாள். முறத்தை ஏந்திக்கொண்டு சுவர் ஓரத்துக்கு வந்து அம்மா முன்னால் நின்றாள்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெற்றிலை பாக்கு இருக்கும் என்று நினைத்தேன். தவிடு இருந்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். ஒருத்தி முறத்தோடும் ஒருத்தி தவிட்டோடும் வந்தார்கள், பேசி வைத்துக்கொள்ளாமலே. அத்தையின் கையில் அம்மா அந்தத் தவிட்டை வைத்தாள்.

"இந்தா, உன் புள்ள" என்றாள் அத்தை.

அம்மா வாங்கிக்கொண்டாள். அவள்தான் குழியில் இறக்கினாள். கைநாட்டு வாங்கிய ஆள், இதெல்லாம் என்ன என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சொல்ல எங்களுக்கு நேரமில்லை. மறுநாளிலிருந்து மார்க்கெட்டில் அத்தையின் கூடை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இப்போது நான் கல்யாணமாகித் திருவொற்றியூரில் இருக்கிறேன். சொந்தக்காரரின் ரத்தத்தை வைத்துக் குற்றவாளியைப் பிடித்தார்கள் என்று எப்போதாவது பேப்பரில் வரும். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எழுதியிருப்பார்கள். எடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன். என் அண்ணனின் பெயரிலிருந்து கொலைகாரன் என்கிற சொல்லைத் துடைத்ததும் அதே ரத்தம்தான். யூனிபார்மில் வந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பாவைக் கொன்றது யார் என்று ஒரு நாள் தெரிய வேண்டும் என்றால், அதற்கும் எவனுடைய அம்மாவின் ரத்தமோதான் வேண்டியிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. குற்றம் செய்யாத ஒருத்தியின் கையில் ஊசி ஏற்றும்போது, இது எதற்கு, இதில் என்னவெல்லாம் வெளியே வரும், யாரிடம் சொல்வோம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டாமா?

இவனை யார் பெற்றது என்று அன்று கதவைச் சாத்திக்கொண்டு, மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மா சொல்லியிருப்பாளா தெரியாது, அத்தை நிச்சயம் சொல்லியிருப்பாள். யாரும் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விக்காக எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, அது போகாமல் இருப்பதுதான் அந்த இரண்டு தாய்மார்களுக்கும் நான் செய்கிற மரியாதை.